பதினைந்தாம் நம்பர் டோக்கன்

கப்பல் ஏறி இது நாலாவது நாள். இந்த நாலு நாளில் கண்டக்டரம்மாவால் மருமகளோடு தனியாக நாலு நிமிஷம் பேச முடியவில்லை என்பதைப் போன வாரமே பார்த்தோம். பேச வேண்டியது என்னவோ ஒரே ஒரு வரிதான். "இந்தக் கடல் வேலையை விட்டுட்டு வீட்டுக்கு வந்து சேரு." அதைச் சொல்ல ஒரு இடமும் ஒரு நேரமும் வாய்க்க வேண்டுமே!

மருமகளுக்கு இந்தச் சின்னக் கப்பலில் கைடு வேலை. இருபத்திரண்டு பயணிகளைத் தீவு தீவாக இறக்கி, பறவையையும் விலங்கையும் காட்டி, பத்திரமாகத் திரும்ப ஏற்ற வேண்டும். வருஷத்தில் எட்டு மாசம் தண்ணீர், நாலு மாசம் வீடு. கல்யாணமாகி மூன்று வருஷம் இப்படியே ஓடிவிட்டது. பிள்ளை பல் செட் செய்கிறவன். ஊரார் வாய்க்கெல்லாம் பல் கட்டிக் கொடுத்துவிட்டு வந்து, அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறான். அந்த அம்மாவுக்கு இது பொறுக்கவில்லை.

"ரெண்டு பேரும் ஒரு தடவை வந்து என் வேலையைப் பாருங்களேன்" என்று மருமகள்தான் கூப்பிட்டாள். ரெண்டு பேர் என்றால் மாமியார் ஒருத்தர், மருமகளைப் பெற்ற அப்பா ஒருத்தர். சம்பந்தி வாட்ச் ரிப்பேர் செய்கிறவர். மனைவி போய்ப் பத்து வருஷமாகிறது. ஒரு காது கொஞ்சம் மந்தம். பேச்சும் அளந்துதான் வரும். அதையும் "சம்பந்தியம்மா" என்று ஆரம்பித்து "சரிங்க" என்று முடித்துவிடுவார்.

காலை ஆறரை மணிக்கு ஒலிபெருக்கியில் மருமகளின் குரல் கேட்டது.

"குட் மார்னிங். இடது பக்கம் டால்ஃபின் கூட்டம். மெதுவா வாங்க, ஓடாதீங்க."

எல்லாரும் ஓடினார்கள். கண்டக்டரம்மா பல் தேய்த்த வாயைக்கூடத் துடைக்காமல் ஓடினாள். கறுத்த முதுகுகள் வரிசையாக எழும்பி, மூச்சு விட்டு, முழுகின. அவளுக்குத் தலைகளைப் பார்த்தால் எண்ணியாக வேண்டும். இருபத்தெட்டு வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக எண்ணிய கண் சும்மா இருக்குமா?

"ஒன்பது" என்றாள்.

பக்கத்தில் நின்ற சம்பந்தி தொண்டையைச் செருமினார். "பத்துங்க சம்பந்தியம்மா. அதோ, அம்மா வயித்தை ஒட்டியே ஒரு குட்டி வருது பாருங்க."

பார்த்தாள். இருந்தது. மனுஷன் கண்ணா பூதக்கண்ணாடியா என்று அசந்துபோனாள். ஆனால் வாய்விட்டுச் சொல்லவில்லை. பிள்ளையைப் பெற்றவள் அவ்வளவு சீக்கிரம் அசந்துபோனதாகக் காட்டிக்கொள்ளக் கூடாது அல்லவா!

எட்டு மணிக்குக் கீழ்த்தளத்தில் கூட்டம் நடந்தது. தீவில் இறங்குமுன் தினமும் நடப்பதுதான். காக்கி அரைக்கைச் சட்டையில், இடுப்பில் வாக்கி டாக்கியோடு நின்ற மருமகள் வேறு ஆள் மாதிரி இருந்தாள். வீட்டில் சாவியை எங்கே வைத்தேன் என்று தேடுகிற பெண்ணா இவள்?

"மணல்ல சிவப்புக் கொடி நட்டிருக்கோம். அதைத் தாண்டாதீங்க. ஆலாப் பறவைங்க வெறும் மணல்லயே முட்டையிடும், கண்ணுக்குத் தெரியாது. கடல்நாய்கிட்ட இருபது அடி தள்ளியே நில்லுங்க. அதையும் மீறி ஒரு தாய்க் கடல்நாய் உங்களுக்கும் கரைக்கும் நடுவுல வந்து படுத்துட்டா, தாண்டி ஓடாதீங்க. அப்படியே உட்காருங்க. அது போற வரைக்கும் அசையக் கூடாது."

"எவ்வளவு நேரம்?" என்று யாரோ கேட்டார்கள்.

"அதுக்கு எவ்வளவு நேரம் வேணுமோ அவ்வளவு நேரம்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். சம்பந்தி மட்டும் சிரிக்காமல் தலையாட்டினார்.

படகு ஏறும் வாசலில் டோக்கன் பலகை தொங்கியது. ஆளுக்கு ஒரு வட்டத் தகடு. இறங்கும்போது சிவப்புப் பக்கம் திருப்ப வேண்டும், திரும்பி வந்ததும் வெள்ளைப் பக்கம். மேலே கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது: 'அவரவர் டோக்கனை அவரவரே திருப்பவும்.' கண்டக்டரம்மா பதினாலு, சம்பந்தி பதினைந்து.

முதல் நாள் சம்பந்தி திரும்பி வந்து டோக்கனைத் திருப்ப மறந்துவிட்டார். 'பதினைந்தாம் நம்பர் பயணி, பதினைந்தாம் நம்பர் பயணி' என்று ஒலிபெருக்கி மூன்று தடவை கத்தியது. அவர் காதில் அது விழவே இல்லை. கைடோட அப்பாவாம் என்று ரெண்டு பேர் சிரித்ததைக் கண்டக்டரம்மா தன் காதால் கேட்டாள். மருமகளின் அப்பாவைப் பார்த்துச் சிரித்தால் அது தன் வீட்டைப் பார்த்துச் சிரித்ததுதான். அன்றிலிருந்து, திரும்பி வந்ததும் தன் டோக்கனோடு அவர் டோக்கனையும் சேர்த்துத் திருப்பிவிடுவாள். சம்பந்திக்கும் அது தெரியும். ஒரு தடவை பார்த்துவிட்டு "உங்களுக்கு எதுக்குங்க சிரமம்" என்றார். அதோடு விட்டுவிட்டார். மருமகள்தான் பார்க்கவில்லை.

ரப்பர் படகில் போய், முழங்கால் தண்ணீரில் இறங்கி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கரையேறினார்கள். தலைக்கு மேல் ஆலாக்கள் கிறீச்சிட்டுக்கொண்டு வட்டமிட்டன. ஒன்று நேராகக் கண்டக்டரம்மாவின் கொண்டையைக் குறிவைத்து இறங்கியது. கைப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, இதுதான் சமயம் என்று மருமகள் பக்கம் நகர்ந்தாள்.

"ஒரு நிமிஷம்மா, உன்கிட்ட ஒண்ணு..."

"அத்தை, காலைத் தூக்குங்க!"

தூக்கினாள். பாதத்துக்கு ஒரு சாண் தள்ளி, கூழாங்கல் மாதிரி புள்ளி புள்ளியாக ரெண்டு முட்டைகள்.

"அப்படியே பின்னாடி வாங்க. மெதுவா. ஐயோ, அந்தக் கால் இல்ல, இந்தக் கால்!"

பேச்சு அங்கேயே நின்றது. அதற்குள் யாரோ நண்டைக் காட்டி என்ன நண்டு என்றார்கள், மருமகள் போய்விட்டாள்.

பதினொன்றரைக்கு விசில். மூன்று நடையாகத் திரும்பினார்கள். கண்டக்டரம்மா ரெண்டாவது நடை. முன்னால் போன படகில் ஒரு பழுப்புத் தொப்பி தெரிந்தது. சம்பந்தியின் தொப்பிதான், முன்னாலேயே போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டாள். கப்பலில் ஏறியதும் பதினாலைத் திருப்பினாள், பதினைந்தையும் திருப்பினாள். கை தானாகச் செய்தது. பிறகு அறைக்குப் போய்க் காலில் ஒட்டிய மணலைக் கழுவினாள்.

பன்னிரண்டுக்குக் கப்பல் கிளம்பியது. பன்னிரண்டே முக்காலுக்குச் சாப்பாடு.

தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தவள், வழக்கம்போல் கண்ணால் ஒரு சுற்று எண்ணினாள். இருபத்தொன்று. மறுபடி எண்ணினாள். இருபத்தொன்று. மூலையில் பழுப்புத் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு சூப் குடித்துக்கொண்டிருந்தவர், ஐந்தாம் நம்பர் அறை வழுக்கைத் தலை வக்கீல்.

இத்தனை வருஷ சர்வீசில் தொப்பியைப் பார்த்து ஆளை எண்ணியதே இல்லை!

சம்பந்தியின் அறைக் கதவைத் தட்டினாள். பதில் இல்லை. தள்ளிப் பார்த்தாள். விரித்த படுக்கை கசங்காமல் கிடந்தது. படகு வாசலுக்கு ஓடினாள். பலகையில் இருபத்திரண்டும் வெள்ளை. பதினைந்தைப் பார்க்க அவளுக்கே பயமாக இருந்தது.

மருமகள் சமையலறை வாசலில் நின்றபடி அவசரமாக எதையோ மென்றுகொண்டிருந்தாள்.

"என்ன அத்தை, சாப்பிடலையா?"

"உங்கப்பா சாப்பிட வரலம்மா. ரூம்லயும் இல்ல."

மருமகள் நாலு எட்டில் போய்ப் பலகையைப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த கலவரம் போய்விட்டது. "வெள்ளையாதான் இருக்கு. கப்பல்லதான் இருக்காரு. மேல் தளத்துல எங்கயாவது பைனாகுலரோட உட்கார்ந்திருப்பாரு. இந்தக் கப்பல்ல தேடறதுக்கு என்ன பெரிய இடமா இருக்கு!"

இந்த இடத்தில் கண்டக்டரம்மா வாயைத் திறந்திருக்க வேண்டும். 'அதைத் திருப்பினது நான்' என்று மூன்றே வார்த்தை. திறக்கவில்லை. ஒருவேளை மேல் தளத்தில் இருந்தாலும் இருப்பார், இல்லாத பழியை நாமே ஏன் இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று மனசு சமாதானம் சொன்னது. அவளும் கூடவே சேர்ந்து தேடினாள். மேல் தளம், நூலக அறை, துணி உலர்த்தும் இடம், கடைசியில் எஞ்சின் அறை வரை. தேடத் தேட மருமகளின் நடை ஓட்டமாகியது. இருபத்தைந்து நிமிஷம். அந்த இருபத்தைந்து நிமிஷமும் கப்பல் தீவை விட்டுத் தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது.

ஒன்றே காலுக்குக் கேப்டன் கப்பலைத் திருப்பினார்.

போகும் வழியெல்லாம் மருமகள் முன்தளத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கேப்டன் கடிகாரத்தையும், சுவரில் ஒட்டியிருந்த கடலேற்ற அட்டவணையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"ரெண்டரைக்கு முழு ஏற்றம்" என்றார். "அந்தத் தீவுல கறுப்புப் பாறை பக்கம் மணல் சுத்தமா முழுகிடும்."

கண்டக்டரம்மா போய் ஒரு பைனாகுலரைத் தேடி எடுத்து வந்தாள்.

ரெண்டரை அடிக்கச் சற்று முன்பு தீவு வந்தது. நங்கூரம் போடக்கூடக் காத்திராமல் மருமகள் ரப்பர் படகில் குதித்தாள். மாமியார் பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டாள். தீவை ஒரு கோடியிலிருந்து துழாவினாள். அப்புறம் தெரிந்தது: கறுப்புப் பாறை, அதன் முன்னால் ஒரு பெரிய கடல்நாய், அதை ஒட்டி ஒரு குட்டி. பாறையோடு பாறையாக, இடுப்புவரை தண்ணீரில், சம்மணம் போட்டு ஒரு மனிதர். பழுப்புத் தொப்பியைத் தலையில் அழுத்திப் பிடித்திருந்தார். அலை வந்தபோதெல்லாம் நெஞ்சுவரை நனைந்தார். அசையவில்லை!

படகுச் சத்தம் கேட்டுக் கடல்நாய் குட்டியோடு நழுவியது. அதற்கப்புறம்தான் சம்பந்தி எழுந்திருக்கப் பார்த்தார். கால் மரத்துப்போய் எழ முடியவில்லை. மருமகள் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள்.

கப்பலில் ஏற்றி, கம்பளி போர்த்தி, சூடாக டீ கொடுத்தார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது. பல் தந்தி அடித்தது. அதற்கு நடுவிலும் மன்னிப்புக் கேட்டார்.

"குட்டி பால் குடிக்கறதைப் பார்த்துக்கிட்டு நின்னேன். அது வந்து குறுக்கே படுத்துடுச்சு. அசையக் கூடாதுன்னு நீதானேம்மா சொன்ன? விசில் கேக்கல. ரொம்ப நேரம் ஆகுதேன்னு தோணுச்சு. ஆனா அது போகலையே."

மருமகள் அப்பாவின் ஈரத் தலையைத் துவட்டினாள். துவட்டிக்கொண்டே அழுதாள்.

மூன்றரைக்குக் கேப்டன் தன் அறையில் மூன்று பேரையும் உட்கார வைத்தார். அதட்டுகிற மனிதர் இல்லை. ஆனால் மேஜைமேல் ஒரு படிவத்தை எடுத்து வைத்துப் பேனாவைத் திறந்தார்.

"தீவுல ஒரு பயணியை விட்டுட்டுக் கப்பல் கிளம்பியிருக்கு. இதை நான் எழுதாம இருக்க முடியாது. கடைசியாக் கரையை விட்டு வந்தது நீங்க."

"ஆமா சார்" என்றாள் மருமகள். "பாறை வரைக்கும் போய்ப் பார்த்தேன். அந்தப் பக்கம் தாய்க் கடல்நாய் இருந்ததால தாண்டல. மூணாவது நடையும் ஏறினப்புறம் வாக்கி டாக்கியில கேட்டேன், பலகை எல்லாம் வெள்ளைன்னு சொன்னாங்க. நம்பிட்டேன்."

"நம்பிட்டேன்னு எழுதினா லைசென்ஸ் போயிடும்மா."

லைசென்ஸ் போனால் வேலை போகும். வேலை போனால் மருமகள் வீட்டுக்கு வருவாள். கண்டக்டரம்மாவின் மனசில் அந்தக் கணக்கு ஓடியது. ஓடியபோது ஒரு சந்தோஷமும் எட்டிப் பார்த்தது. பொய் சொல்வானேன், எட்டித்தான் பார்த்தது. கேட்க வந்த ஒற்றை வரியைக் கேட்காமலேயே காரியம் முடிகிறதே!

"சார், உங்க டோக்கனை யார் வெள்ளையாத் திருப்பினது?" என்று கேப்டன் சம்பந்தியிடம் கேட்டார்.

சம்பந்தி கண்டக்டரம்மாவை நிமிர்ந்து பார்த்தார். ஒரே ஒரு கணம். உடனே டீக் கோப்பையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

"தெரியலைங்க. நானேகூடத் திருப்பியிருப்பேன்."

"தீவுல உட்கார்ந்துக்கிட்டு எப்படி சார் திருப்புவீங்க?"

"அப்ப... போறப்பவே திருப்பாம போயிருப்பேன்."

"இல்லப்பா" என்றாள் மகள். "நான்தான் உங்களை நிறுத்தித் திருப்ப வெச்சேன். சிவப்பாதான் இருந்துச்சு."

"எனக்கு ஞாபகமில்லம்மா. வயசாச்சில்ல."

அவர் குரல் இறங்கிவிட்டது. மனுஷனுக்கு எல்லாம் தெரியும். பெற்ற மகளின் பிழைப்பு கண்முன்னே போகிறது. ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. சொல்ல மாட்டார். பெண்ணைக் கொடுத்தவர், மாப்பிள்ளையைப் பெற்றவளை நாலு பேர் முன்னால் காட்டிக் கொடுக்க மாட்டார். அப்படி ஒரு மரியாதையை வைத்துக்கொண்டு, இப்போதும் நடுங்குகிற கையில் கோப்பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கண்டக்டரம்மாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சீ, நானும் ஒரு மனுஷியா!

"நான்தான் திருப்பினேன்" என்றாள்.

மூன்று பேரும் திரும்பினார்கள்.

"தினமும் நான்தான் திருப்புவேன். அவர் மறந்துடறாரேன்னு. இன்னைக்கு அவர் வந்துட்டார்னு நெனச்சுத் திருப்பிட்டேன். இந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. நான் எழுதித் தரேன். பஸ்ஸுல எத்தனையோ மெமோவுக்கு விளக்கம் எழுதினவ நான்."

கேப்டன் ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தி வைத்தார். அவள் எழுதினாள். நாலே வரி, கையெழுத்து, தேதி. கேப்டன் படித்துவிட்டுத் தன் படிவத்தோடு சேர்த்துக் குத்தினார்.

"நல்லதும்மா. இது இருந்தா இந்தப் பொண்ணுக்குக் கொஞ்சம் உதவும்தான். ஆனா முடிவு என் கையில இல்ல. இன்னைக்கே கம்பெனிக்கு அனுப்பிடறேன். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள பதில் வந்துடும்."

"சம்பந்தியம்மா, நீங்க எதுக்குங்க..." என்று ஆரம்பித்தார் சம்பந்தி.

மருமகள் அப்பாவைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய்ப் படுக்க வைத்துவிட்டு, பின்தளத்தில் ரப்பர் படகுக்குக் கயிறு கட்டப் போனாள். மாமியார் பின்னாலேயே போய் நின்றாள். நாலு நாளாகத் தேடிய தனிமை இப்போது தானாகக் கிடைத்திருந்தது.

"எம்மேல கோவமாம்மா?"

மருமகள் முடிச்சை இறுக்கினாள். "டோக்கனைத் திருப்பினதுக்கு இல்ல அத்தை. அப்பாவுக்காகச் செஞ்சீங்க. அது எனக்குப் புரியுது."

"பின்னே?"

"ரூம்ல அப்பா இல்லன்னு வந்து சொன்னீங்களே, அப்பவே உங்களுக்குத் தெரியும் இல்ல?"

கண்டக்டரம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இல்லை என்று சொல்ல ஆசையாக இருந்தது. "தெரியும்" என்றாள்.

"என்கூடவே எஞ்சின் ரூம் வரைக்கும் வந்து தேடினீங்க. இருபத்தைஞ்சு நிமிஷம். அப்பாவுக்கு நீச்சல் தெரியாது அத்தை."

"தப்புதாம்மா. டோக்கனைவிட அதுதான் பெரிய தப்பு. பயந்துட்டேன்."

"பயந்தது சரி. கேப்டன் ரூம்ல பயமில்லையே. லைசென்ஸ் போயிடும்னு அவர் சொன்னப்ப உங்க முகத்தைப் பார்த்தேன்."

கண்டக்டரம்மா பார்வையைக் கடல் பக்கம் திருப்பினாள். நல்ல கண்தான், அப்பாவின் கண்.

மருமகள் கையிலிருந்த ஈரத்தைச் சட்டையில் துடைத்தாள். குரலை உயர்த்தாமல், நாளைய நேர அட்டவணையைச் சொல்கிற மாதிரி சொன்னாள்:

"இது என்னோட கடைசிக் கப்பல் அத்தை. அதனாலதான் உங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டு வந்தேன், ஒரு தடவையாவது பார்க்கட்டும்னு. நம்ம ஊர் ஆபீஸ்ல, புதுசா வர்ற கைடுங்களுக்குச் சொல்லிக் கொடுக்கற வேலை கேட்டிருந்தேன். இந்த ட்ரிப் ரிப்போர்ட் பார்த்துட்டுத் தர்றோம்னு சொல்லியிருக்காங்க. உங்க பிள்ளைக்குத் தெரியும். உங்ககிட்ட இன்னைக்கு நானே சொல்லலாம்னு இருந்தேன்."

கண்டக்டரம்மா ஓர் எட்டு முன்னால் வந்தாள். "அப்ப, நாளைக்கு நல்ல பதில் வந்துச்சுன்னா... நீ வீட்டுக்கு..."

மருமகள் அவள் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"நேத்து கேட்டிருந்தா வந்துடறேன்னு சொல்லியிருப்பேன் அத்தை. இப்ப எனக்குத் தெரியல."

வாக்கி டாக்கி கரகரத்தது. மருமகள் அதை எடுத்து "வர்றேன்" என்று சொல்லிக்கொண்டே அப்பாவின் அறைப் பக்கம் நடந்தாள். கண்டக்டரம்மா கம்பியை விடாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.